3-உம் 4-உம் சேர்ந்தால் எப்படி 5? வெக்டர் கூட்டலில் தடுமாறுகிறேன்

அலைநீளம்17

எல்லோருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். வெக்டர் பாடம் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. சூத்திரம் கேட்டால் உடனே சொல்லிவிடுவேன், கணக்கு என்று வந்தால் கை நின்றுவிடுகிறது.

முதல் குழப்பம் இது. 3 நியூட்டன், 4 நியூட்டன் என்று இரண்டு விசைகள். ஒரு கணக்கில் விடை 7, இன்னொன்றில் 5, மற்றொன்றில் 1. கூட்டுவது அதே இரண்டு எண்களைத்தானே? விடை மட்டும் எப்படி மாறுகிறது?

இரண்டாவது, வெக்டரை எக்ஸ், ஒய் அச்சுகளின் திசையில் இரண்டு பங்குகளாக, அதாவது கூறுகளாகப் பிரிக்க, "எக்ஸ் கூறுக்கு காஸ், ஒய் கூறுக்கு சைன்" என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தேர்வில் சாய்தளக் கணக்கு வந்தது. எடை 100 நியூட்டன், சாய்வு 30°. கட்டையைத் தளத்தின் வழியே கீழே இழுக்கும் விசை 100 காஸ் 30, அதாவது 86.6 நியூட்டன் என்று எழுதினேன். சரியான விடை 50. இங்கே மட்டும் ஏன் சைன்? எங்கே காஸ், எங்கே சைன் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தயவுசெய்து அடியிலிருந்து விளக்குங்கள்.

சுண்ணக்கட்டி

தம்பி, நல்ல கேள்வி. இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். தடுமாறுகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் தடுமாறுவது நீ சொன்ன அதே இரண்டு இடங்களில்தான்.

முதலில் 3-உம் 4-உம். விசையை விடு, நடையை எடுத்துக்கொள். ஒரு இடத்திலிருந்து கிழக்கே 3 மீட்டர் நடக்கிறாய். அப்புறம் மறுபடி கிழக்கே 4 மீட்டர். கிளம்பிய இடத்திலிருந்து 7 மீட்டர் தள்ளி நிற்கிறாய். இப்போது கிழக்கே 3, பிறகு திரும்பி மேற்கே 4. கிளம்பிய இடத்துக்கு மேற்கே 1 மீட்டரில் நிற்கிறாய். கிழக்கே 3, வடக்கே 4 என்றால்? நேர்கோட்டில் அளந்து பார், 5 மீட்டர். மூன்று முறையும் கால் நடந்தது 7 மீட்டர்தான். அது தொலைவு, ஸ்கேலர், அதாவது திசை இல்லாத வெறும் அளவு. கிளம்பிய இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் இடையே உள்ளது இடப்பெயர்ச்சி, அளவோடு திசையும் சேர்ந்த வெக்டர்.

"அதே இரண்டு எண்களைத்தானே கூட்டுகிறேன்" என்று கேட்டாய் பார், குழப்பம் அந்த இடத்தில் இருக்கிறது. நீ எண்களைக் கூட்டவில்லை. "கிழக்கே 3" என்பது முழுதாக ஒரே பொருள். அதில் திசையைப் பிய்த்து எறிந்துவிட்டு 3-ஐ மட்டும் கையில் எடுத்தால், கேள்வியில் பாதியைத் தொலைத்துவிட்டாய் என்று அர்த்தம். 3-உம் 4-உம் சேர்ந்து 1 முதல் 7 வரை எந்த மதிப்பும் தரலாம், 6.2 கூட வரும். எது என்று முடிவு செய்வது இடையிலுள்ள கோணம். ஆனால் 8 ஒருபோதும் வராது, 0.5-உம் வராது. விடை எழுதி முடித்ததும் இந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்.

சாய்தளத்துக்கு மாலையில் வருகிறேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

பூஜ்யம்

ஒரு சின்னத் திருத்தம். "எண்மதிப்பும் திசையும் இருந்தால் வெக்டர்" என்று பல பாடக்குறிப்புகளில் போட்டிருக்கும். அது போதாது.

மின்னோட்டத்தைப் பாருங்கள். ஆம்பியரில் அளவு இருக்கிறது, கம்பியில் எந்தப் பக்கம் போகிறது என்று திசையும் இருக்கிறது. ஆனாலும் அது வெக்டர் இல்லை. ஒரு சந்திப்புக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன, ஒன்றில் 3 ஆம்பியர், மற்றொன்றில் 4 ஆம்பியர். வெளியே போகும் கம்பியில் 7 ஆம்பியர். உள்ளே வரும் இரண்டு கம்பிகளையும் 90° கோணத்தில் வைத்தாலும் 7, 20° கோணத்தில் வைத்தாலும் 7. அதே 3, அதே 4, ஆனால் 5 வரவே வராது.

ஆகவே திசை இருந்தால் மட்டும் போதாது, இணைகர விதிப்படி கூட வேண்டும், அதாவது இரண்டு அம்புகளையும் பக்கங்களாக வைத்து இணைகரம் வரைந்தால் அதன் மூலைவிட்டம் விடையாக வர வேண்டும். அப்படிக் கூடுவதைத்தான் வெக்டர் என்கிறோம்.

காகிதப்படகு

@பூஜ்யம், இது தெரியாமலே நான் பள்ளி முடித்துவிட்டேன். வேறு உதாரணம் ஏதாவது இருக்கிறதா?

பூஜ்யம்

இருக்கிறது, கையில் ஒரு புத்தகம் இருந்தால் இப்போதே செய்து பார்க்கலாம். புத்தகத்தை அட்டை மேலே தெரிய மேசையில் கிடத்துங்கள். வலப்பக்க விளிம்பு கீழே போகிற மாதிரி 90° சாயுங்கள். அடுத்து, மேலிருந்து கீழாகப் போகும் செங்குத்து அச்சைச் சுற்றி 90° திருப்புங்கள். அட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது முதல் நிலைக்குத் திரும்பி வந்து, செங்குத்து அச்சைச் சுற்றி அதே 90° முதலில், சாய்ப்பது பிறகு. புத்தகம் வேறு நிலையில் வந்து நிற்கும்.

90° என்பது அளவு, அச்சு என்பது திசை. இரண்டும் இருக்கின்றன. ஆனால் வரிசையை மாற்றினால் முடிவு மாறுகிறது. வெக்டர் கூட்டலில் வரிசை மாறினாலும் விடை மாறக் கூடாது, கிழக்கே 3 வடக்கே 4 போனாலும் வடக்கே 4 கிழக்கே 3 போனாலும் சேருமிடம் ஒன்றுதான். ஆகவே பெரிய சுழற்சி வெக்டர் ஆகாது. மிகமிகச் சிறிய சுழற்சிகளில் இந்த வேறுபாடு மறைந்துபோகும். அதனால்தான் கோணத் திசைவேகத்தை, அதாவது சுழலும் வேகத்தை, வெக்டராக எடுத்துக்கொள்ள முடிகிறது.

சுண்ணக்கட்டி

பூஜ்யம் சொன்னது சரி, எனக்கும் பிடித்த உதாரணம் அது. ஆனால் தம்பிக்கு இப்போது தேவை சாய்தளம். அதற்கு வருகிறேன்.

"எக்ஸுக்கு காஸ், ஒய்க்கு சைன்" என்ற வரியை இன்றோடு மறந்துவிடு. அது பொய் இல்லை. ஆனால் கோணத்தை எக்ஸ் அச்சிலிருந்து அளந்தால் மட்டும்தான் மெய். கணக்கில் கொடுக்கிற கோணம் எங்கிருந்து வேண்டுமானாலும் அளக்கப்பட்டிருக்கும். "செங்குத்தோடு 30°" என்று கொடுத்தால் உன் வரி கவிழ்ந்துவிடும்.

அதற்குப் பதிலாக இதைப் பிடித்துக்கொள். வெக்டர் ஒரு கர்ணம். அதை அச்சுக்கு இணையான இரண்டு பக்கங்களாகப் பிரித்துச் செங்கோண முக்கோணம் வரைகிறாய். நீ குறித்த கோணத்தை ஒட்டிப் படுத்திருக்கிற பக்கம் காஸ். கோணத்துக்கு எதிரே நிற்கிற பக்கம் சைன். அச்சுக்கு என்ன பெயர் என்பது இதில் வரவே வராது.

இப்போது சாய்தளம். எடை நேராகக் கீழ்நோக்கி 100 நியூட்டன். அச்சுகளைத் தளத்தின் வழியே ஒன்று, தளத்துக்குச் செங்குத்தாக ஒன்று என்று சாய்த்து வைக்கிறாய். 30° எங்கே வருகிறது? தளம் கிடைமட்டமாக இருந்தபோது அதன் செங்குத்து அச்சும் எடையும் ஒரே கோட்டில் இருந்தன. தளத்தை 30° தூக்கினால் அதோடு சேர்ந்து செங்குத்து அச்சும் 30° சாய்கிறது. எடை அசையவில்லை, அது எப்போதும் நேர்கீழே. ஆகவே எடைக்கும் தளத்தின் செங்குத்து அச்சுக்கும் இடையே 30°. கோணத்தை ஒட்டிய பக்கம் தளத்துக்குச் செங்குத்தான கூறு, 100 காஸ் 30 = 86.6. எதிர்ப்பக்கம் தளத்தின் வழியே உள்ள கூறு, 100 சைன் 30 = 50.

இதுவும் தேர்வு அவசரத்தில் மறந்துபோனால் ஒரு வழி சொல்கிறேன். சாய்வை மனதில் 0° ஆக்கிப் பார். தட்டையான தளத்தில் கட்டை தானாக வழுக்குமா? வழுக்காது. ஆகவே கீழே இழுக்கும் கூறு 0 ஆக வேண்டும். சைன் 0 தான் 0. காஸ் 0 என்பது 1. நீ எழுதிய விடைப்படி பார்த்தால் தட்டையான மேசையில் வைத்த கட்டை முழு எடையோடு பக்கவாட்டில் பாயும்.

அலைநீளம்17

சார், 0° ஆக்கிப் பார்ப்பது எனக்குப் பளிச்சென்று புரிந்தது! இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. 90° ஆக்கிப் பார்த்தேன், சுவர் மாதிரி நிற்கும், சைன் 90 = 1, முழு எடையும் கீழே இழுக்கும். அதுவும் சரியாக வருகிறது.

ஆனால் இன்னொன்று. தளத்தின் வழியே 50, செங்குத்தாக 86.6. இரண்டையும் கூட்டினால் 136.6. எடை 100 தானே?

சுண்ணக்கட்டி

மறுபடியும் எண்களைக் கூட்டிவிட்டாய் தம்பி. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. 50-இன் வர்க்கம் 2500, 86.6-இன் வர்க்கம் ஏறக்குறைய 7500. கூட்டி வர்க்கமூலம் எடு, 100.

இன்னொன்றையும் மறக்காதே. கூறுகளை வரைந்த பிறகு அசல் எடையையும் அதே படத்தில் விசையாக விட்டுவிடக் கூடாது. ஒன்று எடை, இல்லையென்றால் அதன் இரண்டு கூறுகள். மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு ஒரே விசையை இருமுறை எண்ணுகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். கூறுகளை வரைந்ததும் அசல் அம்பின் குறுக்கே சின்னதாக இரண்டு கோடு போட்டு அடித்துவிடு.

தொடுகோடு

இதே இடத்தில் என் சந்தேகத்தையும் கேட்கலாமா? இரண்டு வெக்டர்களைக் கூட்டி வரும் தொகுபயனின் வர்க்கத்துக்கு இயற்பியலில் அ² + ஆ² + 2 அ ஆ காஸ் தீட்டா என்று கூட்டல் குறி. கணிதத்தில் முக்கோணத்தின் காஸ் விதியில் அ² + ஆ² − 2 அ ஆ காஸ் தீட்டா என்று கழித்தல் குறி. இரண்டுமே முக்கோணம்தான். குறி மட்டும் ஏன் மாறுகிறது? ஒவ்வொரு தேர்விலும் இதில் ஒரு மதிப்பெண் போகிறது.

கோணமானி

கட்டுமானப் பொறியாளராக இருக்கிறேன், இதற்கு நான் பதில் சொல்கிறேன். இரண்டு சூத்திரங்களிலும் தீட்டா என்பது ஒரே கோணம் இல்லை.

இயற்பியலில் தீட்டா என்றால் இரண்டு வெக்டர்களின் வால்களையும் ஒரே புள்ளியில் வைத்து இடையே அளக்கும் கோணம். முக்கோண விதிப்படி கூட்டும்போது என்ன செய்கிறீர்கள்? முதல் அம்பின் தலையில் இரண்டாவது அம்பின் வாலை வைக்கிறீர்கள். அப்போது முக்கோணத்துக்குள்ளே விழும் கோணம் தீட்டா இல்லை, 180° − தீட்டா. காஸ் (180° − தீட்டா) என்பது − காஸ் தீட்டா. கழித்தல் இன்னொரு கழித்தலோடு சேர்ந்து கூட்டல் ஆகிவிட்டது. சூத்திரம் ஒன்றுதான், கோணத்தை அளந்த இடம்தான் வேறு.

சரிபார்க்க வேண்டுமா? தீட்டாவை 0 ஆக்குங்கள். இரண்டு விசைகளும் ஒரே திசை, 3-உம் 4-உம் 7 ஆக வேண்டும். கூட்டல் குறி போட்டால் 9 + 16 + 24 = 49, வர்க்கமூலம் 7. கழித்தல் போட்டால் 1. குறி மறந்துபோனால் இந்த ஒரு வரியைத் தாளின் ஓரத்தில் எழுதிப் பாருங்கள்.

இதே சூத்திரத்தில் 10, 10, 120° போட்டுப் பாருங்கள், தொகுபயன் 10 வரும். 100 + 100 − 100. சம அளவுள்ள மூன்று விசைகள் 120° இடைவெளியில் இழுத்தால் வளையம் அசையாமல் நிற்பது இதனால்தான். இரண்டின் தொகுபயனை மூன்றாவது சரியாக ஈடுகட்டிவிடுகிறது.

தொடுகோடு

ஒரு வருடக் குழப்பம் ஒரே பதிலில் தீர்ந்தது. நன்றி அண்ணா!

கோணமானி

என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன், கூறுகள் என்றால் என்ன என்பதை எனக்கு மனதில் பதிய வைத்தது இதுதான். இரண்டு தூண்களுக்கு இடையே ஒரு கயிறு. நடுவில் ஒரு பொருளைத் தொங்கவிடுங்கள். கயிற்றை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நடுவில் கொஞ்சமாவது தொய்வு இருக்கும். ஏன் முழு நேர்கோடாக ஆக்க முடியாது?

எடையைத் தாங்குவது கயிற்றின் இழுவிசையின் செங்குத்துக் கூறு மட்டும். கயிறு கிடைமட்டத்தோடு தீட்டா கோணம் செய்கிறது என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 2 × இழுவிசை × சைன் தீட்டா = எடை. 30° தொய்வு இருந்தால் இழுவிசை எடைக்குச் சமம். 5° தொய்வு என்றால் இழுவிசை எடையைப் போல ஏறக்குறைய 5.7 மடங்கு. 1° என்றால் 28 மடங்கைத் தாண்டும். கோணம் 0-ஐ நெருங்க நெருங்க இழுவிசை எல்லையில்லாமல் ஏறும், அதற்கு முன்பே கயிறு அறுந்துவிடும். கிடைமட்டமாக இருக்கும் விசைக்குச் செங்குத்துக் கூறே கிடையாது, அதனால் ஒரு இறகைக்கூடத் தாங்க முடியாது. கம்பிகளைத் தொய்வோடு கட்டுவது சோம்பலால் இல்லை, கணக்கு அப்படி.

காகிதப்படகு

ஆற்றுப்படகுக் கணக்கு பற்றி யாராவது சொல்லுங்களேன். படகின் வேகம் 5 மீ/வி, ஆற்றின் வேகம் 3 மீ/வி, அகலம் 100 மீட்டர். நேராகக் குறிவைத்து ஓட்டினால் தொகுபயன் வேகம் √34, அதாவது 5.83. வேகம் கூடியிருக்கிறது. அப்படியென்றால் சீக்கிரம் அக்கரை சேர வேண்டும் அல்லவா? 100-ஐ 5.83-ஆல் வகுத்து 17 விநாடி என்று எழுதினேன். தவறு என்கிறார்கள்.

சுண்ணக்கட்டி

5.83 மீ/வி வேகத்தில் நீ போகும் பாதை சாய்ந்த பாதை. அதன் நீளம் 100 இல்லை. வெக்டரின் முழு நீளத்தை எடுத்துக்கொண்டு, தூரத்தின் ஒரு கூறை மட்டும் வகுத்துவிட்டாய். ஜோடி பொருந்தவில்லை.

அக்கரைக்குக் கொண்டுபோவது குறுக்குத் திசையில் உள்ள 5 மட்டும்தான். ஆற்றின் 3 உன்னைக் கரையோரமாகக் கீழே தள்ளுமே தவிர அக்கரையை ஒரு அங்குலம்கூட நெருக்கமாக்காது. 100 ÷ 5 = 20 விநாடி. அந்த 20 விநாடியில் ஆறு உன்னை 60 மீட்டர் கீழே கொண்டுபோயிருக்கும். சாய்ந்த பாதையின் நீளம் 116.6 மீட்டர். இதை 5.83-ஆல் வகுத்துப் பார், அதே 20.

ஆறு ஓடாமல் நின்றிருந்தாலும் 20 விநாடிதான் ஆகும் என்பதைக் கொஞ்சம் நின்று யோசி. செங்குத்தான இரண்டு திசைகளில் நடப்பவை ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அடுத்த பாடத்தில் வரும் எறிபொருள் இயக்கம் முழுவதும் இந்த ஒரே கருத்தில்தான் நிற்கிறது.

நேரெதிரே உள்ள புள்ளியில் இறங்க வேண்டுமென்றால் படகின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்ப வேண்டும். ஆற்றின் 3-ஐ அடிக்கிற அளவுக்குப் படகின் கூறு வேண்டும், ஆகவே சைன் தீட்டா = 3/5, கோணம் சுமார் 37°. குறுக்கே மிஞ்சுவது 4, நேரம் 25 விநாடி. குறைந்த நேரம் வேறு, குறைந்த தூரம் வேறு. கேள்வி எதைக் கேட்கிறது என்று அடிக்கோடிட்டுப் படி. ஆறு 6 மீ/வி வேகத்தில் ஓடினால்? சைன் தீட்டா 6/5 என்று வரும், அப்படி ஒரு கோணம் இல்லை. நேரெதிரே இறங்கவே முடியாது என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

அலைநீளம்17

கூட்டல் இப்போது ஓரளவு பிடிபட்டுவிட்டது. கழித்தலில் ஒன்று. கார் 20 மீ/வி வேகத்தில் கிழக்கே போகிறது. 5 விநாடியில் வளைந்து வடக்கே அதே 20 மீ/வி. சராசரி முடுக்கம் என்ன என்று கேள்வி. வேகம் மாறவில்லையே, 20 − 20 = 0, முடுக்கம் 0 என்று எழுதினேன். புத்தகத்தின் பின்பக்கத்தில் 5.66 என்று இருக்கிறது.

பூஜ்யம்

கழித்தல் என்பதைக் கூட்டலாக மாற்றிவிடுங்கள். ஒரு வெக்டரைக் கழிப்பது என்றால் அதைத் திருப்பிப்போட்டுக் கூட்டுவது. இறுதித் திசைவேகம் வடக்கே 20. ஆரம்பத் திசைவேகம் கிழக்கே 20, திருப்பிப்போட்டால் மேற்கே 20. வடக்கே 20-உம் மேற்கே 20-உம் கூட்டினால் வடமேற்கே 28.3. அதை 5-ஆல் வகுத்தால் 5.66 மீ/வி².

விடையின் திசையையும் பாருங்கள், அதுதான் முக்கியம். கிழக்கிலிருந்து வடக்கே திரும்பும் கார் இடப்பக்கம் வளைகிறது. வடமேற்கு என்பது அந்த வளைவின் உட்பக்கம். வட்ட இயக்கத்தில் முடுக்கம் மையத்தை நோக்கி இருக்கும் என்று பின்னால் படிப்பீர்கள். அது இந்தக் கழித்தலிலேயே வந்துவிட்டது.

சுவரில் 10 மீ/வி வேகத்தில் மோதி அதே 10-இல் திரும்பும் பந்துக்கும் இதே கதை. மாற்றம் 0 இல்லை, 20.

சுண்ணக்கட்டி

இதோடு சேர்த்து ஒன்று. எண்மதிப்பு ஒருபோதும் எதிர்மமாக இருக்காது. "−9.8" என்று எழுதும்போது அந்தக் கழித்தல் குறி, நீ மேல்நோக்கியதை நேர்மம் என்று எடுத்துக்கொண்டாய் என்பதைத்தான் சொல்கிறது. கீழ்நோக்கியதை நேர்மம் என்று எடுத்தால் அதே புவியீர்ப்பு முடுக்கம் +9.8. அச்சை நீ தேர்ந்தெடுக்கலாம், ஆனால் கணக்கின் நடுவில் மாற்றக் கூடாது. தாளின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன அம்பு போட்டு "இது நேர்மம்" என்று எழுதிவிட்டு ஆரம்பி.

தொடுகோடு

கால்குலேட்டர் தந்த தவறு ஒன்று. கூறுகளைக் கூட்டி எக்ஸ் = −4, ஒய் = 3 என்று வந்தது. டேன் இன்வெர்ஸ் போட்டால் −36.9° காட்டுகிறது. விடை 143.1° என்கிறார்கள்.

கோணமானி

கால்குலேட்டருக்கு நீங்கள் கொடுத்தது 3 ÷ (−4), அதாவது −0.75 மட்டும். அது −3 ÷ 4 ஆகவும் இருக்கலாம், அதற்கு எப்படித் தெரியும்? எக்ஸ் எதிர்மம், ஒய் நேர்மம் என்றால் அம்பு இடது மேல் பக்கம், இரண்டாம் கால்பகுதி. −36.9° என்பது வலது கீழ்ப்பக்கம், நேர் எதிர்த்திசை. 180° கூட்டினால் 143.1°. எக்ஸ் கூறு எதிர்மமாக வந்தாலே 180° கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, பட்டனை அழுத்தும் முன் அம்பைக் கையால் ஒரு தடவை வரைந்துவிடுவது.

காகிதப்படகு

பெருக்கலுக்கும் போய்விடலாமா? புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல் என்று இரண்டு எதற்கு? ஒரு கூட்டல் போதுமாக இருந்தது, பெருக்கல் மட்டும் ஏன் இரண்டு?

சுண்ணக்கட்டி

இயற்கை இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்பதால்.

முதல் கேள்வி: இந்த விசையில் எவ்வளவு பங்கு நகரும் திசையில் உதவியது? ஒரு பெட்டியைக் கயிறு கட்டி 50 நியூட்டன் விசையோடு தரையிலிருந்து 60° கோணத்தில் இழுக்கிறாய். பெட்டி 10 மீட்டர் நகர்கிறது. நகரும் திசையில் உள்ள கூறு 50 காஸ் 60 = 25. வேலை 250 ஜூல். விடைக்குத் திசை இல்லை, வெறும் எண். செங்குத்தாக இழுத்தால் காஸ் 90 = 0, வேலை இல்லை. புள்ளிப் பெருக்கல் இரண்டு வெக்டர்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கிறது.

இரண்டாவது கேள்வி: இந்த விசை எவ்வளவு திருப்பும்? ஸ்பேனரின் நீளம் 0.25 மீட்டர், நீ 80 நியூட்டன் கொடுக்கிறாய். பிடிக்குச் செங்குத்தாகத் தள்ளினால் திருப்புவிசை 20 நியூட்டன் மீட்டர். 30° கோணத்தில் தள்ளினால் 10. பிடியின் நீளவாக்கிலேயே தள்ளினால் நட் அசையவே அசையாது. இதுதான் குறுக்குப் பெருக்கல், இங்கே சைன் வருகிறது. இரண்டு வெக்டர்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதுதான் கணக்கு.

வேலைக்கும் திருப்புவிசைக்கும் அலகு ஒன்றுதான், நியூட்டனை மீட்டரால் பெருக்கியது. ஆனால் ஒன்று ஸ்கேலர், மற்றொன்று வெக்டர். அதனால்தான் திருப்புவிசையை ஜூல் என்று எழுதுவதில்லை.

அலைநீளம்17

சார், திருப்புவிசையின் திசை ஸ்பேனருக்கும் விசைக்கும் செங்குத்தாக, மேல்நோக்கி என்கிறார்கள். ஆனால் மேல்நோக்கி எதுவுமே நகரவில்லையே? வலதுகை விதி எனக்கு மந்திரம் மாதிரி இருக்கிறது.

பூஜ்யம்

இதில் நானும் வெகுநாள் மாட்டிக்கொண்டிருந்தேன். நட் சுற்றும்போது அதன் ஒவ்வொரு புள்ளியும் நொடிக்கு நொடி வேறு திசையில் போகிறது. "எந்தத் திசையில் சுற்றுகிறது" என்று ஒரு அம்பு போட முடியுமா? தாளின் தளத்துக்குள் எந்த அம்பு போட்டாலும் ஒரு புள்ளிக்குப் பொருந்தும், மற்றதற்குப் பொருந்தாது. எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவாக, மாறாமல் இருக்கும் ஒரே கோடு அச்சு. ஆகவே சுழற்சியைக் குறிக்க அச்சை எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்பு நகர்வைச் சொல்லவில்லை, எந்தக் கோட்டைச் சுற்றி என்று சொல்கிறது.

அச்சில் இரண்டு பக்கம் உண்டு, எந்தப் பக்கம் அம்பின் தலை? அதற்குத்தான் வலதுகை. விரல்கள் சுற்றும் போக்கில் மடங்கட்டும், பெருவிரல் அம்பு. இது எல்லோரும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு. இடதுகை என்று முடிவு செய்திருந்தாலும் இயற்பியல் மாறாது, எல்லோரும் ஒரே கையைப் பயன்படுத்தினால் போதும். சாதாரணத் திருகாணியும் இப்படித்தான். வலப்பக்கம் சுற்றினால் உள்ளே போகும், பெருவிரலும் உள்ளேதான் காட்டும்.

குறுக்குப் பெருக்கலில் வரிசை மாறினால் விரல்கள் எதிர்ப்பக்கம் மடங்கும், அதனால் குறி மாறும். தூரம் முதலில், விசை அடுத்து. மாற்றி எழுதினால் நட்டைக் கழற்றுவதற்குப் பதிலாக முடுக்கிவிடுவீர்கள்.

கோணமானி

இரண்டு பெருக்கல் எப்படி வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1843 அக்டோபர் 16 அன்று ஐரிஷ் கணிதவியலாளர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் டப்ளினில் கால்வாய் ஓரமாக மனைவியோடு நடந்துகொண்டிருந்தபோது, நான்கு உறுப்புள்ள எண்களைப் பெருக்கும் வழி திடீரென்று பிடிபட்டது. அந்தச் சூத்திரத்தை அங்கேயே பாலத்தின் கல்லில் செதுக்கினார். மூன்று அச்சுத் திசைகளுக்கு ஐ, ஜே, கே என்று நாம் எழுதும் மூன்று எழுத்துகளும் அங்கிருந்து வந்தவை. அந்த ஒரே பெருக்கலுக்குள் ஒரு எண் பகுதியும் ஒரு வெக்டர் பகுதியும் சேர்ந்தே இருந்தன. பிற்பாடு 1880-களில் அமெரிக்க அறிவியலாளர் கிப்ஸும் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹெவிசைடும் தனித்தனியாக அவற்றைப் பிரித்து எடுத்தார்கள். அவைதான் இன்றைய புள்ளிப் பெருக்கலும் குறுக்குப் பெருக்கலும்.

வெக்டர் என்ற லத்தீன் சொல்லுக்குச் சுமந்து செல்வது என்று பொருள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வெக்டரைக் காவி என்பார்கள், காவுதல் என்றால் சுமப்பது. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் காவிச் செல்வது. சுண்ணக்கட்டி ஐயா நடையில் ஆரம்பித்ததும் இதுதான். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல் இது.

அலைநீளம்17

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தேர்வில் விட்ட சாய்தளக் கணக்கின் அடுத்த பகுதியை இப்போது நானே போட்டேன், பார்த்துச் சொல்லுங்கள்.

அதே கட்டை, 100 நியூட்டன், 30°. தளத்தின் வழியே மேல்நோக்கியது நேர்மம் என்று தாளின் ஓரத்தில் அம்பு போட்டேன். உராய்வு இல்லை. கிடைமட்டமாக ஒரு விசையால் தள்ளி, கட்டையை வழுக்காமல் நிறுத்த வேண்டும். எடையின் கூறு −50. தள்ளும் விசை கிடைமட்டம், தளம் கிடைமட்டத்தோடு 30°. கோணத்தை ஒட்டிய பக்கம் தளத்தின் வழியே இருக்கிறது, ஆகவே இங்கே காஸ். விசை × காஸ் 30 = 50. விசை 57.7 நியூட்டன்.

0° ஆக்கிப் பார்த்தேன், தட்டையான தளத்தில் தள்ளத் தேவையே இல்லை, விசை 0. சரியாக வருகிறது. தளம் தனக்குச் செங்குத்தாகக் கட்டையைத் திருப்பித் தள்ளும் விசை, அந்தச் செங்குத்து விசை மட்டும் 86.6 தானா என்று சந்தேகம்.

சுண்ணக்கட்டி

57.7 சரி. செங்குத்து விசை 86.6 இல்லை. நீ கிடைமட்டமாகத் தள்ளும் விசைக்குத் தளத்தை அழுத்தும் கூறும் உண்டு, அதை விட்டுவிட்டாய். கோணத்துக்கு எதிர்ப்பக்கம், 57.7 சைன் 30 = 28.9. எடையின் 86.6-உம் இதுவும் ஒரே திசை, இரண்டுமே தளத்துக்குள் அழுத்துகின்றன. இங்கே எண்களாகவே கூட்டலாம், 115.5 நியூட்டன்.

அலைநீளம்17

ஆமாம் சார், ஒரே கோட்டில் இருப்பதால் நேரடியாகக் கூட்டலாம்! வேறு வழியிலும் சரிபார்த்தேன். அச்சைச் சாய்க்காமல் கிடைமட்டம், செங்குத்து என்றே வைத்துக்கொண்டேன். தளத்தின் செங்குத்து விசையின் மேல்நோக்கிய கூறு எடையைத் தாங்க வேண்டும். 115.5 காஸ் 30 = 100. பக்கவாட்டுக் கூறு 115.5 சைன் 30 = 57.7, அது என் தள்ளுவிசைக்குச் சமம். அச்சை மாற்றினாலும் அதே விடைகள் வந்துவிட்டன.